ஸ்டிம்ஃபாலோஸ்: தூண் இல்லாத ஊரைப் பார்ப்பது எப்படி

கிரேக்கத்துக்குப் பயணம் போகிறவர்கள் தூண்களைத் தேடித்தான் போகிறார்கள். ஏதென்ஸ், டெல்ஃபி, ஒலிம்பியா எல்லாமே கட்டாயம் பார்க்க வேண்டியவை. நான் சொல்லப்போவது அந்தப் பட்டியலில் இடம்பெறாத ஓர் ஊரைப் பற்றி. பெலொபொன்னீஸ் தீபகற்பத்தின் வடகிழக்கில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில், நாலாபுறமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் ஆழமில்லாத ஏரி ஒன்று இருக்கிறது. அதன் வடகரையில் கிடப்பது பழைய ஸ்டிம்ஃபாலோஸ். கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸ் இந்த ஏரியின் பறவைகளை விரட்டிய கதை தெரிந்தவர்களுக்கு ஏரியின் பெயர் தெரிந்திருக்கும். அதன் கரையில் மதிலும் தெருக்களும் கோயிலும் கொண்ட ஒரு நகரம் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

முழங்கால் உயரத்துக்கு மேல் நிற்கும் சுவர் இங்கே குறைவு. சாலையோரம் காரை நிறுத்தி, புல்வெளியையும் நாணலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒன்னுமே இல்லையே" என்று கிளம்பிப் போகிறவர்களைப் பார்த்து எனக்கு மனசு கேட்காது. நான் தொழிலில் சர்வேயர். தரையைப் பார்த்தே இங்கே என்ன இருந்தது என்று யோசிப்பது என் வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: ஸ்டிம்ஃபாலோஸைப் பார்க்க ஒரு வரிசை இருக்கிறது. முதலில் தண்ணீர், அடுத்து தெரு, அப்புறம் மதில், கடைசியில் மேட்டின் மேல் இருக்கும் கோயில். தண்ணீரைப் புரிந்துகொள்ளாமல் கல்லைப் பார்க்கப் போனால் அது வெறும் கல்லாகத்தான் தெரியும்.

கிளம்பும் முன்

ஏதென்ஸிலிருந்து கொரிந்த் வழியாக கியாட்டோ வரை நெடுஞ்சாலை. புறநகர் ரயிலும் கியாட்டோவுக்குப் போகிறது. அங்கிருந்து மலை ஏறிப் போக சொந்த வண்டியோ வாடகை வண்டியோ இருந்தால்தான் நிம்மதி. நெமெயா பக்கமிருந்தும் வரலாம்.

ஏப்ரல், மே மாதங்களில் போங்கள். மழையும், வடக்கே 2,370 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் கில்லினி மலையின் பனி உருகிய நீரும் சேர்ந்து ஏரி நிறைந்திருக்கும். புல்லும் இன்னும் ஓங்கி வளர்ந்திருக்காது. கோடை முற்றினால் காய்ந்த புல் சுவர்களை மூடிவிடும், ஏரியும் சுருங்கிவிடும். எந்த மாதமானாலும் காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும் நேரத்தைப் பிடியுங்கள். மண்ணுக்குள் புதைந்த சுவர் தரையில் ஒரு விரற்கடை மேடாகத்தான் தெரியும். உச்சி வெயிலில் அந்த மேடு கண்ணுக்கே படாது; சாய்ந்த வெயிலில் அதற்கு நிழல் விழுந்து, கோடு போட்டதுபோல் நீண்டு கிடக்கும்.

போவதற்கு முந்தின இரவு சாட்டிலைட் படத்தில் ஏரியின் வடகரையைப் பெரிதாக்கிப் பாருங்கள். பாறை மேடு ஒன்று தெரியும், அதை ஒட்டிய சமவெளியும் தெரியும். இரண்டையும் மனதில் பதித்துக்கொண்டால் நேரில் போனதும் திசை தடுமாறாது. முழுக்கால் சட்டை, கணுக்காலை மூடும் காலணி, தண்ணீர், பைனாகுலர் போதும். கீழே கிடக்கும் ஓட்டுச் சில்லைக்கூட எடுக்கக் கூடாது. கிரேக்கத்தின் தொல்பொருள் சட்டப்படி அது குற்றம். சட்டத்தை விடுங்கள், ஓடு எந்த இடத்தில் கிடக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தமே. இடம் மாறினால் அதை வைத்து ஆய்வாளர் எதையும் சொல்ல முடியாது.

முதலில் தண்ணீர்

நேராக இடிபாட்டுக்குள் இறங்காதீர்கள். ஏரியைப் பார்த்த மலைச்சரிவில் ஸ்டிம்ஃபாலியா சுற்றுச்சூழல் அருங்காட்சியகம் இருக்கிறது. பிரேயஸ் வங்கியின் பண்பாட்டு அறக்கட்டளை நடத்துவது, 2009இல் திறந்தது. அங்கிருந்து பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். நான் யாரைக் கூட்டிப் போனாலும் முதலில் அங்கேதான் நிற்க வைப்பேன்.

அங்கே நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஏரித் தண்ணீர் எந்த வழியாக வெளியேறுகிறது? ஆறு எங்கும் தெரியாது. சுற்றிலும் மலை, திறப்பே கிடையாது. இது சுண்ணாம்புப் பாறை நிலம். பாறையைத் தண்ணீர் அரித்து அரித்து உண்டாக்கிய பிலங்கள் ஏரியின் தென்கோடியில், மலையடியில் இருக்கின்றன. அவற்றைக் கிரேக்கர்கள் கதாவோத்ரா என்கிறார்கள். ஏரி அதற்குள் இறங்கிப் போகிறது. அந்த வாய் திறந்திருந்தால் சமவெளி விளைநிலம். அடைத்துக்கொண்டால் விளைநிலமும் தெருவும் நீருக்கடியில். இந்த ஊரின் நல்லதும் கெட்டதும் அந்த ஓர் ஓட்டையைப் பொறுத்தே இருந்தன.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியாஸ் எழுதிவைத்ததைக் கேளுங்கள். ஆர்ட்டெமிஸ் தேவியின் திருவிழாவை ஊர்க்காரர்கள் அக்கறையில்லாமல் நடத்தினார்களாம். ஒரு மரக்கட்டை போய்ப் பிலத்தின் வாயை அடைத்துக்கொண்டது. சமவெளி முழுக்க ஏரியானது. ஒரு வேட்டைக்காரன் மானைத் துரத்திக்கொண்டு வந்தான். மான் தண்ணீரில் குதித்தது, அவனும் பின்னாலேயே குதித்தான். இரண்டு பேரையும் பிலம் உள்ளே இழுத்துக்கொண்டது. ஒரே நாளில் தண்ணீர் வடிந்தது. அன்றிலிருந்து விழா சிரத்தையாக நடந்ததாம். இதைப் படித்துவிட்டு அருங்காட்சியகத்துக்கு வெளியே நின்று தென்கரையைப் பாருங்கள். தெய்வ பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், வடிகாலை யாரும் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைத் தலைமுறை தலைமுறையாக ஞாபகப்படுத்தும் கதை அது.

எதிரிக்கும் அந்த ரகசியம் தெரிந்திருந்தது. ஏதென்ஸின் தளபதி இஃபிக்ராட்டிஸ் இந்த ஊரை முற்றுகையிட்டுப் பலன் இல்லாமல் போனபோது, கடற்பஞ்சுகளைக் குவித்து பிலத்தை அடைக்கப் பார்த்தான், வானத்திலிருந்து வந்த ஒரு சகுனத்தைக் கண்டு நிறுத்திவிட்டான் என்று பழைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். மதிலை உடைக்க முடியாதவன் ஊரை மூழ்கடிக்கப் பார்த்திருக்கிறான். மேலேயிருந்து பார்க்கும்போது அது எவ்வளவு சாத்தியமான திட்டம் என்பது உங்களுக்கே புரியும்.

இன்னொரு தண்ணீர்க் கதையும் இங்கேயே இருக்கிறது. வடக்குப் பக்க மலையடி ஊற்றுகளிலிருந்து ரோமப் பேரரசர் ஹாட்ரியன் கொரிந்த் நகரத்துக்கு நீர் கொண்டுபோனார். மலைகளைச் சுற்றி வளைந்து போகும் அந்தக் கால்வாயின் நீளம் 80 கி.மீ.-க்கும் அதிகம். மோட்டார் கிடையாது, முழுக்க முழுக்கச் சரிவை நம்பி ஓடிய நீர். அவ்வளவு தூரத்துக்கு மட்டம் பிடித்துக் கொண்டுபோன அந்த அளவையாளர்களின் பெயர் தெரிந்திருந்தால் இங்கே மரியாதையோடு எழுதியிருப்பேன்.

தெருவைக் கண்டுபிடிப்பது

இப்போது கீழே இறங்குங்கள். இடிபாடு ஏரிக்கரைச் சமவெளியிலும் பாறை மேட்டின் மேலும் பரவிக் கிடக்கிறது. அனஸ்தாசியோஸ் ஓர்லாண்டோஸ் 1924 முதல் 1930 வரை ஏதென்ஸ் தொல்லியல் கழகத்துக்காக இங்கே தோண்டினார். 1980களில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு ஹெக்டர் வில்லியம்ஸ் தலைமையில் வந்தது. அவர்கள் மண்வெட்டியை எடுக்கும் முன் கருவிகளை வைத்து மண்ணுக்கடியில் இருப்பதை அளந்தார்கள். அப்போதுதான் ஊரின் வரைபடம் தெரிந்தது: கி.மு. 4ஆம் நூற்றாண்டில், ஒரே திட்டத்தில், கட்டம் கட்டமாகப் பிரித்துப் போட்ட நகரம். தெருக்களின் அகலம் சுமார் 6 மீட்டர், ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் இடையில் வீட்டு வரிசைகளுக்கு சுமார் 30 மீட்டர்.

இந்த இரண்டு எண்களையும் மறக்காதீர்கள், அவைதான் உங்கள் டேப். சாதாரண நடையில் எடுத்து வைக்கும் ஓர் எட்டு என்பது முக்கால் மீட்டர் என்று வைத்தால், 30 மீட்டர் என்பது 40 எட்டு. தெருவின் அகலம் 8 எட்டு. தரையோடு தரையாகக் கிடக்கும் ஒரு கல்வரிசையைக் கண்டுபிடியுங்கள். அது நேர்கோட்டில் போகிறதா, ஒரு பக்கம் முகம் செதுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் சுவர். அதற்குச் செங்குத்தாகத் திரும்பி எட்டு வைத்து எண்ணிக்கொண்டே நடங்கள். எல்லா இடத்திலும் அடுத்த கோடு கிடைத்துவிடாது. தோண்டாத பகுதியே அதிகம். கிடைக்கும் இடத்தில் அந்தத் திருப்தியே தனி.

என் அக்கா மகன் ஒருமுறை கூட வந்திருந்தான். சமவெளியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "மாமா, இங்க என்ன இருக்குன்னு இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்தீங்க?" என்றான். "அந்தக் கல்லு மேல ஏறி நில்லுடா, இந்தப் பக்கம் பாரு" என்றேன். நின்றான். எதிரில் ஒன்று, அதற்கப்பால் ஒன்று என்று மூன்று கற்கள் ஒரே கோட்டில் வந்து நின்றன. அதன் பிறகு அவனைக் கிளப்பிக்கொண்டு வருவதுதான் கஷ்டமாக இருந்தது.

சுவர்கள் ஏன் இவ்வளவு தாழ்வு என்று கேட்பீர்கள். வீடானாலும் மதிலானாலும் கீழ்ப்பகுதிதான் கல். அதற்கு மேலே சுடாத செங்கல். கூரை போனதும் மழையில் செங்கல் கரைந்து மண்ணாகிவிட்டது. நீங்கள் மிதித்து நடக்கும் அந்த மென்மையான மண்ணில் ஒரு பங்கு பழைய வீடுகளின் சுவர்தான்.

சமவெளியின் தெற்கு ஓரத்தில் சுவர்கள் நாணலுக்குள்ளும் தண்ணீருக்குள்ளும் நுழைந்து மறையும். அங்கேயே ஒரு நிமிஷம் நில்லுங்கள். ஏரியின் எல்லை ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. நகரத்தைத் திட்டமிட்டவர்கள் தண்ணீர் இதற்குமேல் வராது என்று நம்பிப் போட்ட கோடு இது. பைனாகுலரை எடுக்கவும் இதுதான் இடம். நாரைகளும் நீர்க்கோழிகளும் நாணல் மேல் தாழ்ந்து பறக்கும் பருந்துகளும் தென்படும். ஏரியும் சுற்றுப்புறமும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி. நாணலுக்குள் இறங்காமல் கரையோடு நின்றுகொள்வதே நல்லது.

மதில்

மதிலில் அதிக நேரம் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். இரண்டு விஷயத்தைப் பாருங்கள். மேற்கே அண்டை நகரமான ஃபெனெயோஸ் பக்கம் திறந்த வாயிலும், அதைச் சுற்றியுள்ள கோபுர அடித்தளங்களும் ஒன்று. அரைவட்டமாக வெளியே பிதுங்கி நிற்கும் அடித்தளங்கள் அவை. மூலை இல்லாத கோபுரத்தில் எறிகல் பட்டாலும் வழுக்கிப் போகும், மேலே நிற்கும் வீரனுக்கும் எல்லாப் பக்கமும் பார்வை கிடைக்கும். மற்றொன்று பாறை மேட்டின் மேல் முனையில் இருக்கும் பெரிய கட்டுமானம். கவண் பொறிகளை ஏற்றிவைக்கப் போதுமான அளவில் கட்டியது.

இந்த ஊர் போர் தெரிந்த ஊர். பாரசீகத்துக்குள் போய்த் திரும்பிய பத்தாயிரம் கூலிவீரர்களின் தளபதிகளில் ஒருவரான சோஃபைனெட்டோஸ் ஸ்டிம்ஃபாலோஸ்காரர். கி.மு. 360களில், பெலொபொன்னீஸின் நடுப்பகுதி மக்களான ஆர்க்காடியர்களின் தலைமைத் தளபதியாக இருந்த ஐனெயாஸும் இதே ஊர்தான். முற்றுகையில் ஒரு நகரத்தைக் காப்பாற்றுவது எப்படி என்ற பழைய நூலை எழுதியவரே அவர்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். நெஞ்சு நிமிர்த்தும் கல்லெல்லாம் இங்கே கிடையாது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு பேரையும் மனதில் வைத்துக்கொண்டு மதிலோரம் நடக்கலாம்.

மேட்டில் ஏறும்போது

பாறை மேடுதான் அக்ரோபொலிஸ், அதாவது ஊரின் மேட்டுக் கோட்டை. உயரம் அதிகமில்லை, ஆனாலும் மெதுவாக ஏறுங்கள், ஏனென்றால் இனிமேல் பார்க்க வேண்டியது காலடியிலேயே இருக்கிறது. ஏரியைப் பார்த்த சரிவில் பாறையையே படிபடியாக வெட்டிய இருக்கைகள் சில தெரியும். அதுதான் தியேட்டர். உட்கார்ந்து பாருங்கள். நாடகம் பார்க்க வந்தவன் கண்ணில் மேடைக்குப் பின்னால் அந்த ஏரிதான் பட்டிருக்கும்.

மேலே போகப் போக, பாறையில் நேர் விளிம்போடு வெட்டிய தட்டையான படுகைகளைப் பார்ப்பீர்கள். படிக்கட்டு என்று நினைத்துவிடுவது சுலபம். குனிந்து விரலால் தடவிப் பாருங்கள்: பின்பக்க விளிம்பு செங்குத்து, அடித்தளம் மட்டம், அதன்மேல் உளி விழுந்த வரிகள் சாய்வாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். சுவரின் முதல் வரிசைக் கல் அசையாமல் உட்காரவே அந்தப் படுகை. கல்லை யாரோ எடுத்துப்போய்விட்டார்கள். இருக்கை மட்டும் மிச்சம். தொழில் தெரிந்தவனுக்கு நிற்கும் சுவரைவிட இது அதிகம் சொல்லும். கல்லின் நீளம், அகலம், சுவர் போன திசை மூன்றும் அந்த வெறும் பள்ளத்திலேயே இருக்கின்றன.

கோயில்

மேட்டின் மேல் சமப்படுத்திய தளத்தில் கோயில் இருக்கிறது. பெயரைக் கேட்டுப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். சுமார் 11 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். முன்னால் பலிபீடம், பக்கத்தில் அறைகள் கொண்ட ஒரு துணைக் கட்டடம். அடித்தளக் கற்களைச் சுற்றி நடந்துவிட ஒரு நிமிஷம் போதும். ஆனால் நான் அதிக நேரம் நிற்பது இங்கேதான்.

ஓர்லாண்டோஸுக்கு இந்தப் பகுதியில் 'பொலியாடோஸ்' என்று வெட்டிய கல் ஒன்று கிடைத்தது. நகரைக் காக்கும் தெய்வத்துக்கு உரிய பட்டம் அது. பெரும்பாலும் அதீனா தேவியைக் குறிக்கும். மதில், கவண், காவல் தெய்வம் எல்லாம் ஒத்துப்போகிறதே என்று நினைத்துக்கொண்டிருக்கையில், கனடா குழுவின் தோண்டலில் வேறொரு முகம் தெரிந்தது. காதணிகள், வளையல்கள், மோதிரங்கள் என்று ஏராளமான சிறு நகைகள். தறியில் நூலை இழுத்துப் பிடிக்கும் மண் குண்டுகள். இளம்பெண்ணின் பளிங்குச் சிலை ஒன்று உடைந்த துண்டுகளாக. குழந்தையின் சிலையும் கூட. ஊரைக் காப்பவளிடம் இந்த ஊர்ப் பெண்கள் தங்கள் காதில் கையில் கிடந்ததைக் கழற்றி வைத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்போ, பிள்ளை பிழைத்ததற்கோ, வேறெதற்கோ. கோயிலின் கிழக்குப் பக்கம் நின்று பலிபீடத்தைப் பார்க்கும்போது படைத்தளபதிகளை மறந்துவிட்டு அந்தப் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். தளபதிகள் பெயராவது நூல்களில் இருக்கிறது. இவர்கள் விட்டுப்போனது அந்த மெல்லிய வளையங்களை மட்டும்தான்.

அதே இடத்தில் கவண் பொறியிலிருந்து பாய்ந்த இரும்பு முனைகளும் கிடைத்திருக்கின்றன. இந்தக் கோயிலின் வாழ்வு கி.மு. 2ஆம் நூற்றாண்டின் நடுவில் முடிகிறது. ரோமானியத் தளபதி மும்மியுஸ் கி.மு. 146இல் கொரிந்தை அழித்த காலம் அது.

பௌசானியாஸ் வர்ணிக்கும் ஆர்ட்டெமிஸ் கோயில் வேறு. கூரையை ஒட்டி ஸ்டிம்ஃபாலோஸ் பறவைகளைச் செதுக்கியிருந்ததாகவும், கோயிலுக்குப் பின்னால் பறவைக் கால்களோடு வெண்பளிங்குக் கன்னியர் சிலைகள் நின்றதாகவும் எழுதியிருக்கிறார். அது எங்கே இருந்தது என்பது இன்னும் உறுதிப்படவில்லை. மேட்டுக் கோயிலைக் காட்டி "இதுதான் பறவைக் கோயில்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இறங்கிய பிறகு

வண்டிக்குத் திரும்பும் முன் சாலையோரம் ஸாரக்கா மடத்தைப் பாருங்கள். 13ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவிலிருந்து வந்த சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கப் பிரிவுத் துறவிகள் கட்டியது. கோதிக் பாணி, கூரை இல்லை, நுழைவுக் கோபுரம் நிற்கிறது. சுவர்க் கற்களை ஒவ்வொன்றாகக் கவனியுங்கள். அளவு பொருந்தாத பெரிய செதுக்கு கற்கள் நடுநடுவே வரும். மேட்டில் வெறும் படுகைகளைப் பார்த்தீர்களே, அந்த மாதிரி இடங்களிலிருந்து பெயர்த்த கற்கள் மடத்துச் சுவருக்குள் வந்திருக்கின்றன.

நேரம் இருந்தால் அன்றே இன்னொரு வேலை செய்யலாம். ஸ்டிம்ஃபாலோஸ் ஏரியில் பிலத்துக்குள் போகும் நீர்தான் ஆர்கோஸ் பக்கம் எராசினோஸ் ஆறாக வெளியே வருகிறது என்று கிரேக்கர்கள் உறுதியாக நம்பினார்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் காலத்திலேயே அந்தப் பேச்சு இருந்தது. ஸ்பார்ட்டா அரசன் கிளியோமெனிஸ் ஆர்கோஸ் மேல் படையெடுத்து வந்து, இந்த ஆற்றைக் கடக்க பலி கொடுத்துச் சகுனம் பார்த்தபோது, ஆறு அவனுக்கு இடம் கொடுக்கவில்லை என்று அவர் எழுதியிருக்கிறார். நெமெயா வழியாக இறங்கி ஆர்கோஸ் போங்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கெஃபலாரி கிராமம். பாறை அடியிலிருந்து தண்ணீர் பொங்கி வரும், மேலே குகையும் தேவாலயமும் இருக்கும். காலையில் மலை மேல் ஏரியையும் பிலத்தையும் பார்த்துவிட்டு, மாலையில் இங்கே வந்து அந்த நீரில் கையை நனையுங்கள். வழியில் நெமெயாவில் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்துவதாக இருந்தால், ஸ்டிம்ஃபாலோஸுக்குக் காலை எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். சாய்ந்த வெயிலும் கிடைக்கும், கெஃபலாரிக்கு இருட்டும் முன் வந்தும் சேரலாம்.